பிரித்துச் சேர்த்த கார்புரேட்டர் ஒழுகுகிறதா? ஊசியா, கிட்டா, புதுசா என்று முடிவெடுப்பது எப்படி

கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைப் பித்தளைப் பாகங்கள்) ஊதிச் சுத்தம் செய்து, இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு மாட்டியாகிவிட்டது. பெட்ரோல் டேப்பைத் திறந்தால் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது இரண்டில் ஒன்று: உதிரிப் பாகங்கள் ஒரே பையில் வரும் இன்னொரு கிட் வாங்குவார்கள், இல்லையென்றால் கார்புரேட்டரையே மாற்றிவிடுவார்கள். சில வண்டிகளுக்கு இரண்டுமே சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் ஒழுகல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் வாங்கினால், புதுப் பாகம் போட்ட பிறகும் அதே சொட்டுதான் விழும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்துச் சேர்த்த உடனே வரும் ஒழுகலுக்குப் பெரும்பாலும் காசு செலவில்லாத தீர்வு இருக்கிறது. அது பலிக்காவிட்டால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஒரு நல்ல ஊசியும், ஓ ரிங் என்ற ரப்பர் வளையமும் போதும். முழு கிட் அதற்கடுத்தது. புது கார்புரேட்டர் கடைசி. விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கும் ஸ்விட்ச், அடுப்பு வரை போகும். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வந்துவிடும். அதனால் இந்தச் சோதனைகளைத் திறந்த இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் துடைத்து உலர விடுங்கள். வண்டியை நேராக நிறுத்துங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குள் மட்டம் ஒரு பக்கம் ஏறி, ஒழுங்கான கார்புரேட்டர்கூட ஒழுகுவதுபோல் தெரியும். எஞ்சினைப் போடாமல் டேப்பை மட்டும் திறந்துவிட்டு, எங்கே முதலில் ஈரம் கட்டுகிறது என்று பாருங்கள். அடியில் போய்ச் சேர்ந்த சொட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் மேலே கசிந்து, கார்புரேட்டரின் உடலைச் சுற்றி வழிந்து, மிகத் தாழ்ந்த முனையில்தான் சொட்டும்.

வரும் குழாயின் மூட்டில் ஈரம் என்றால் குழாயோ கிளிப்போதான் காரணம், கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டில் ஈரம் என்றால் கேஸ்கெட். மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ முனையில் கொட்டினால், அல்லது காற்று வடிகட்டிப் பக்கம் பெட்ரோல் வந்தால், ஃப்ளோட்டும் (கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை) ஊசியும் சேர்ந்த பகுதியைப் பார்க்க வேண்டும். நாலு கார்புரேட்டர் வரிசையாக இருக்கும் பைக்குகளில், இரண்டுக்கு நடுவில் பெட்ரோல் போகும் டி வடிவக் குழாயின் ஓ ரிங்கும் கசியும். அதை மாற்ற வரிசையையே பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

நிறையப் பேர் ஏமாறுவது ஓவர்ஃப்ளோ முனையில்தான். பல கார்புரேட்டர்களில், கிண்ணத்தைக் காலி செய்யத் திறக்கும் டிரெய்ன் ஸ்க்ரூ வழியாக வருவதும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வருவதும் அடியில் ஒரே முனையில்தான் வெளியேறும். அங்கே சொட்டினால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: மட்டம் ஏறிப்போயிருக்கலாம், டிரெய்ன் ஸ்க்ரூ சரியாக அடைக்காமல் இருக்கலாம், அல்லது கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஊசியை எத்தனை முறை மாற்றினாலும் பின்னிரண்டும் தீராது.

பிரித்தறிவது சுலபம். கிண்ணத்தை மட்டும் கழற்றி, உள்ளே நிற்கும் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழ் வரை பெட்ரோல் ஊற்றி, மட்டமான இடத்தில் வையுங்கள். கால் மணி நேரத்தில் அடி முனை உலர்ந்தே இருந்தால் கிண்ணம் நல்லது, கோளாறு ஊசி பக்கம். சொட்டினால் மட்டம் எந்த உயரத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். குழாயின் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டால் அந்த உயரத்தில் விரிசல். அடி வரை காலியானால் பெரும்பாலும் டிரெய்ன் ஸ்க்ரூ. குழாய் வெடிப்பு பெரும்பாலும் நீளவாக்கில்தான் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும்.

முதல் வழி: எதையும் வாங்காமல்

கோளாறு ஊசி பக்கம் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளோட் வேலை செய்யும் விதம் வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் பந்து வால்வைப் போன்றதுதான். பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் எழும், அதன் சின்ன நாக்கு ஊசியை, அது உட்காரும் துளையான சீட்டுக்குள் தள்ளி வரத்தை அடைக்கும். டேங்கிலிருந்து தானாக இறங்கும் பைக்கில் இந்த ஊசி தாங்கும் அழுத்தம் மிகவும் குறைவு. 30 செ.மீ. உயரத்துக்குப் பெட்ரோல் நின்றால் ஏறத்தாழ 0.3 பி.எஸ்.ஐ.தான். ஊசியை அழுத்தும் விசையும் அதே மாதிரி மெல்லியதுதான். அதனால் ஒரு துரும்பு சிக்கினாலே போதும், அடைபடாது.

பிரித்துச் சேர்த்த அன்றே ஒழுகுவதற்கு இந்தத் துரும்புதான் பெரும்பாலும் காரணம். குழாயைக் கழற்றி மாட்டும்போது அதன் உள்சுவரிலிருந்து உரிந்த ரப்பர் துணுக்கு, டேங்கின் அடியில் கிடந்த துரு, துடைத்த துணியின் நூல் என்று எதுவாகவும் இருக்கலாம். டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, பெட்ரோலைச் சிறிது நேரம் வேகமாக ஓட விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். அப்புறம் மூடிப் பாருங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் கிட் தேவையில்லை, டேங்க் குழாயில் ஒரு நல்ல ஃபில்டர்தான் தேவை. அதைப் போடாவிட்டால் அடுத்த துரும்பு எப்போது வேண்டுமானாலும் வரும்.

அடுத்தது ஃப்ளோட் உயரம். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து அளப்பவர்கள் பலர். அப்படிப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடை முழுவதும் ஊசியின் பின்முனையில் இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்திவிடும், அளவு தவறாகும். உடலைச் சாய்வாகப் பிடித்து, நாக்கு ஊசியின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில், கேஸ்கெட் பரப்பிலிருந்து ஃப்ளோட்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அளவு கூடினால் பெட்ரோல் மட்டம் குறையும், அளவு குறைந்தால் மட்டம் ஏறும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாக்கை எதிர்ப்பக்கம் வளைத்து ஒழுகலைக் கூட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மட்டத்தைக் குறைக்க, நாக்கை ஊசியின் பக்கமாக மிகக் கொஞ்சமாக வளைக்க வேண்டும். வளைக்கும்போது ஊசியின் மேல் அழுத்தம் விழக்கூடாது, ஃப்ளோட்டைத் தனியே எடுத்து வளைப்பதே நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை. முன்பு ஒழுகாமல் ஓடிய கார்புரேட்டரில், பிரிக்கும்போது ஃப்ளோட்டைத் தவறிப் போட்டு நாக்கு வளையாதவரை, உயரம் தானாக மாறாது. ஒழுகுகிறதே என்று நாக்கை மேலும் மேலும் வளைத்து மட்டத்தைக் குறைத்தால், தேய்ந்த ஊசியின் கோளாறு கொஞ்ச நாள் மறையலாம். ஆனால் அதிக வேகத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் தடுமாறும். அளவு சரியாக இருந்தும் ஒழுகினால் வளைப்பதை நிறுத்திவிட்டு ஊசியைப் பாருங்கள்.

ஃப்ளோட் கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். பித்தளை ஃப்ளோட்டைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்கும். சூடான தண்ணீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். சூடு வைத்து ஈயம் பற்றவைக்கலாம் என்பார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது அது ஆபத்து, ஈயத்தின் எடை மட்டத்தையும் மாற்றும். நான் மாற்றிவிடத்தான் சொல்வேன்.

ஊசி மட்டுமா, முழு கிட்டா?

ஊசியின் கூம்பு முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் ஒரு வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. இப்போதைய ஊசிகளில் பெரும்பாலும் முனையில் வைட்டான் ரப்பர் இருக்கும். 1957-ல் டூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த ரப்பர் பெட்ரோலையும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். முனை கெட்டியாகிப் பளபளத்துவிட்டாலும், கார்புரேட்டர் கிளீனரில் ஊறி உப்பிவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். சுத்தம் செய்யும்போது ரப்பர் பாகங்களைக் கழற்றாமல் கிளீனரில் முக்குவது, பிரித்துச் சேர்த்த பின் வரும் பல ஒழுகல்களுக்குத் தொடக்கம்.

முழு கிட்டின் கவர்ச்சி புரிகிறது. ஒரு பையில் ஊசி, ஜெட்டுகள், கேஸ்கெட், ஓ ரிங், ஸ்க்ரூ என எல்லாம் வந்துவிடும். ஆனால் தரமில்லாத கிட்டில் ஊசியின் நீளம் ஒரிஜினலிலிருந்து சற்று மாறியிருந்தால் போதும், நீங்கள் கவனமாக அளந்து வைத்த ஃப்ளோட் உயரம் அப்படியே மாறிவிடும். ஊசியின் பின்முனை ஸ்பிரிங் அதிக விறைப்பாகவோ தளர்வாகவோ இருந்தாலும் அதே கதி. புது ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் உயரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். பழைய ஊசியையும் புது ஊசியையும் அருகருகே நிறுத்தி நீளம் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஜெட்டுகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தேயாத ஒரிஜினல் ஜெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு கிட்டில் வந்த ஜெட்டைப் போடாதீர்கள். மேலே பொறித்த எண் ஒன்றாக இருந்தாலும் ஓட்டையின் அளவும் வடிவமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒழுகலைச் சரிசெய்யப் போய், ஐட்லிங் நிற்காத வண்டியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டாம். கிட் வாங்கினால் அதிலிருந்து கேஸ்கெட்டையும் ஓ ரிங்குகளையும் எடுத்துக்கொண்டு, பித்தளைப் பாகங்களைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

கிட் போட்டும் ஒழுகல் நிற்காதவர்கள் தவறவிடும் பாகம் சீட்டின் வெளிப்பக்க ஓ ரிங். சில கார்புரேட்டர்களில் சீட் தனிப் பாகம். ஒரு சின்னத் தகடும் ஸ்க்ரூவும் அதைப் பிடித்திருக்கும், அதைச் சுற்றி ஒரு ஓ ரிங் இருக்கும். அது காய்ந்து சுருங்கிவிட்டால், ஊசி எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும் பெட்ரோல் சீட்டைச் சுற்றி வெளிவழியாக இறங்கும். அறிகுறி அச்சு அசலாக ஊசிக் கோளாறு போலவே இருக்கும். மரை போட்டு மாட்டும் சீட்டாக இருந்தால் அடியில் இருக்கும் வாஷர் இதே வேலையைக் காட்டும். எல்லா கிட்டிலும் இந்த ஓ ரிங் வருவதில்லை, பார்த்து வாங்குங்கள்.

சீட் உடலோடு அழுத்திச் செருகப்பட்டிருந்தால் தனியே மாற்ற முடியாது. பஞ்சு சுற்றிய குச்சியில் கொஞ்சம் பித்தளைப் பாலிஷ் தொட்டு மெதுவாகச் சுழற்றித் தேய்த்தால், மேலே படிந்த பாசியும் கறையும் போய் மின்னும். அப்புறம் பாலிஷின் சுவடே இல்லாமல் கழுவ வேண்டும். மணல் தாள், கூரான கருவி எதையும் உள்ளே விடாதீர்கள். சீட்டில் கீறல் விழுந்தால் உடலே போனமாதிரி.

ஊசியும் சீட்டும் சேர்ந்து அடைக்கின்றனவா என்று, மாட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம். ஃப்ளோட்டை மாட்டி, உடலைத் தலைகீழாக வைத்து, வரும் முனையில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதுங்கள். காற்று போகக்கூடாது. ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் போக வேண்டும். கம்ப்ரெசர் காற்றை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அந்த அழுத்தத்தில் ஃப்ளோட்டும் ஊசியும் கெட்டுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் காரில் ஒழுகினால் பம்ப் அழுத்தத்தைப் பாருங்கள். கார்புரேட்டர் கார்களில் பம்ப் பொதுவாக 3 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை தரும், எவ்வளவு தாங்கும் என்பது கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறும். கார்புரேட்டர் வேலையோடு சேர்த்துப் பம்பையும் மாற்றியிருந்தால், நல்ல ஊசியையே தள்ளித் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வரலாம். அதற்கு அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர்தான் வழி.

கேஸ்கெட்: பழையதா, புதியதா, பேஸ்டா?

இதில் நீண்ட ஒப்பீடு தேவையில்லை. அளவு சரியான புது கேஸ்கெட்தான் முதல் தேர்வு. கழற்றிய பழைய ரப்பர் கேஸ்கெட் பெட்ரோலில் ஊறி நீண்டு, பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கும். ஒரு நாள் காற்றாட வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கும். அவசரத்துக்கு அது போதும், ஆனால் தட்டையாகி விறைத்ததைத் திரும்பப் போடாதீர்கள். தட்டையான பரப்பு உள்ள கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் தாங்கும் கேஸ்கெட் தாளில் வெட்டிக்கொள்ளலாம். நன்றாகவே வேலை செய்யும்.

சாதாரண சிலிகான் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் அது உப்பி, பிய்ந்து, துணுக்குகளாக ஜெட்டுக்குள் போய் அடைக்கும். ஒழுகல் நின்றதுபோல் தெரியும் முதல் வாரம்தான் ஆபத்தான வாரம்.

புது கேஸ்கெட் போட்டும் ஓரத்தில் கசிந்தால் பரப்பு வளைந்திருக்கலாம். ஸ்க்ரூவை வேகமாக முறுக்கினால் நாலு மூலையும் இழுபட்டு, நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, கிண்ணத்தின் விளிம்பை அதில் மெதுவாகச் சுற்றித் தேய்த்தால் மேடு எங்கே என்று தெரியும், கொஞ்சம் தேய்த்தே சமமாக்கலாம். ஓ ரிங் பள்ளம் உள்ள விளிம்பை இப்படித் தேய்க்கக்கூடாது, பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும். மாட்டும்போது எதிரெதிர் ஸ்க்ரூக்களாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

புது கார்புரேட்டர் எப்போது?

ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், புல் வெட்டும் எஞ்சின் போன்றவற்றில் அமைப்பு எளிமையானது, அதே அளவில் நகல் கார்புரேட்டர் மலிவாகவே கிடைக்கும். அங்கே ஊசியும் சீட்டும் தேடி நேரம் செலவழிப்பதைவிடப் புதுசு மாட்டுவது புத்திசாலித்தனம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பைக்கில் நிலைமை வேறு. நகல் கார்புரேட்டரில் ஒழுகல் நிற்கும், ஆனால் ஜெட் அமைப்பு, சோக் நெம்புகோல், கேபிள் முனை ஆகியவை ஒத்துவராமல் போகலாம். ட்யூன் செய்யத் தெரிந்தவருக்கு அது வேலை, தெரியாதவருக்குத் தலைவலி. அதே பெயரில், அதே எண்ணில் வரும் ஒரிஜினல் கிடைத்தால், அதன் விலை கூடுதலாக இருந்தாலும் தினமும் ஓட்டும் வண்டிக்கு நியாயமானது. பழைய வண்டிக்கும், நாலு கார்புரேட்டர் வரிசைக்கும், உடலில் விரிசல் விழாதவரை பழையதைக் காப்பாற்றவே பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் வெடித்திருந்தாலும் கிண்ணத்தை மட்டும் தேடலாம், பயன்படுத்திய இன்னொரு கார்புரேட்டரிலிருந்துகூட எடுக்கலாம். குழாய்க்குச் சூடு வைத்துப் பற்றவைப்பது கைதேர்ந்தவர் வேலை. கிண்ணத்தின் உலோகம் சீக்கிரம் உருகக்கூடியது.

மெக்கானிக்கிடம் கொடுப்பதும் ஒரு வழிதான். சீட்டை மாற்ற வேண்டியிருந்தாலும், டிரெய்ன் ஸ்க்ரூவின் மரை தேய்ந்திருந்தாலும், கார்புரேட்டர் வரிசையைப் பிரிக்க வேண்டியிருந்தாலும் கொடுத்துவிடுங்கள். என்னென்ன சோதனை செய்தீர்கள், என்ன தெரிந்தது என்று அவரிடம் சொன்னால் அவர் வேலையும் குறையும், உங்கள் செலவும் குறையும்.

இன்னொரு வழியைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள்: வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடிவிட்டுச் சமாளிப்பது. பாகம் வந்து சேரும்வரை சரி. அதற்கு மேல் நீட்டிக்காதீர்கள். எஞ்சின் உறிஞ்சுதலில் திறக்கும் டேப் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால், பெட்ரோல் அந்த உறிஞ்சு குழாய் வழியாகவே நேராக எஞ்சினுக்குப் போகும். கார்புரேட்டரில் குறையே இருக்காது, ஆனாலும் பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டே இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், வண்டியில் மாட்டும் முன் கார்புரேட்டரை வைஸில் மட்டமாகப் பிடித்து, டேங்க் இருக்கும் உயரத்தில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டி, குழாய் வழியே பெட்ரோல் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். அடியில் விரித்த காகிதம் உலர்ந்திருந்தால் மாட்டலாம்.

மாட்டிய பிறகு உடனே கிக்கரை உதைக்க வேண்டாம். ஒழுகிய நாட்களில் பெட்ரோல் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலும் பெட்ரோல் வாடை அடித்தாலும் ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் இக்னிஷனை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தித் திருப்புங்கள். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருந்தால் பிளக் ஓட்டை வழியாக வெளியேறிவிடும். தேங்கியிருக்கும்போதே ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். வெளியேறியதைத் துடைத்து, வாடை அடங்கிய பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.